கொமட் மத்தியாசும் நின்றுபோன ஒழுகலும்

மத்தியாசை இப்போது யாரும் பின்னாலிருந்து கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் மனுசன் தூக்கிவாரிப் போட்டு எழும்பி நிற்கிறார். கையில் தேத்தண்ணி இருந்தால் அது தரைக்குத்தான். "ஏங்க, உப்பு டப்பாவ எங்க வச்சீங்க?" என்று பொஞ்சாதி டோரீன் சாதாரணமாகக் கேட்டதற்கே ஒரு கோப்பை உடைந்தது. இத்தனைக்கும் தேயிலைக்குள்ளே புலியைப் பார்த்துக் கல்லெறிந்தவர் அவர். அப்படி அவரே சொல்வார். அது நல்லமுத்து வீட்டுப் பூனை என்று சொல்கிறவர்களும் டிக்கோயாவுக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறார்கள்.

அப்பேர்ப்பட்ட ஆளை இப்படி ஆக்கியது புலி இல்லை, பேய் இல்லை. அவர் வீட்டுக் கக்கூஸ்.

மத்தியாஸ் வாலிபத்தில் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தவர். தோட்டத்துக்குத் திரும்பி வந்து, ஃபெக்டரியில் கொழுந்து காய வைக்கிற அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலையில் சேர்ந்தார். வரும்போது மற்றவர்களைப் போல ரேடியோவோ கடிகாரமோ கொண்டுவரவில்லை. ஹோட்டலைப் புதுப்பிக்கும்போது கழற்றிப் போட்ட வெள்ளைக் கொமட் ஒன்றை, அதன் தண்ணித் தொட்டியோடு கேட்டு வாங்கி, உடுத்துகிற சாரத்தைப் போர்த்தி, பஸ்ஸில் காலிடுக்கில் வைத்துக்கொண்டு வந்தார். ஹட்டனில் பஸ் மாறி ஏறியபோது பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "எந்தக் கோயிலுக்கு சுரூபம் கொண்டு போறீங்க?" என்று பக்தியாகக் கேட்டு, சாரத்தைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாராம். மத்தியாஸ் வாயைத் திறக்கவில்லை. நல்ல மனசோடு கும்பிடுகிறவரை எதற்கு நோகடிப்பது?

கொமட்டுக்கு அப்படி அலைந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. லயத்துக் கக்கூஸ்கள் எல்லோருக்கும் பொது. படியிறங்கி, தண்ணி ஓடுகிற கானைத் தாண்டி, மழையென்றால் குடை பிடித்துப் போக வேண்டும். மகள் டிலுக்ஷி அப்போது சின்னப் பிள்ளை. பொழுது சாய்ந்தால் ஒரு மிடறு தண்ணி குடிக்காது. தொண்டை காய்ந்தாலும் குடிக்காது. குடித்தால் இருட்டில் அங்கே போக வேண்டுமே. டோரீன் ஊற்றிக் கொடுத்த தண்ணியைப் பிள்ளை யாருக்கும் தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே சாய்த்ததை மத்தியாஸ் ஒருநாள் பார்த்துவிட்டார். கொஞ்ச நாளில் மண்வெட்டியை எடுத்தார்.

குடியிருக்கிற காம்பராவுக்கும் சமைக்கிற குசினிக்கும் பின்னால் இடமே இல்லை. சுவரை ஒட்டி மண்மேடு, மேட்டுக்கு மேலே தேயிலை. மேட்டின் அடியை வெட்டி உள்ளே தள்ளி, ஒரு ஆள் திரும்பினால் முழங்கை இடிக்கிற அளவில் ஒரு அறை கட்டினார். கொமட்டை நட்டார். லயமே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு நல்லமுத்து அதை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் மத்தியாசு, இதுல ஏறி உக்காரணுமா, சாஞ்சி உக்காரணுமா?" என்று கேட்டார்.

"நாக்காலி மாதிரி உக்காரணும்ணே."

"நாக்காலியில உக்காந்தா எனக்கு தேத்தண்ணி குடிக்கத்தான்யா தோணும்."

மறுநாள் காலையில் பார்த்தால் கொமட்டின் கழுத்தில் செவ்வந்தி மாலை. வாசலில் சிவப்பு ரிப்பன். மேலே கரித்துண்டில் 'நல்வரவு'. எந்தப் பயலுக செய்தானுகள் என்று இன்றுவரை தெரியாது. தெரியவும் வேண்டாம். அன்றிலிருந்து அவருக்குக் கொமட் மத்தியாஸ் என்று பெயர். அவருக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம்தான்.

கொமட் நன்றாகத்தான் இருந்தது. டிலுக்ஷி வளர்ந்தாள், படித்தாள், நோட்டன் பிரிட்ஜ் பக்கத்து ஜூட்சனைக் கட்டிக்கொண்டு போனாள். அவள் போன பிறகு கொமட் ஒழுக ஆரம்பித்தது. தொட்டிக்குள்ளே இருக்கிற ரப்பர் வாசர் தேய்ந்து, தண்ணி எந்நேரமும் சளசளவென்று உள்ளே இறங்கிக்கொண்டே இருந்தது. அடியில் சிமெந்து விட்டுப்போய்த் தரையிலும் கசிந்தது. தரை பாசி பிடித்தது.

"உங்க கொமட்டு அழுவுதுங்க. யாரு செத்துட்டாங்கன்னு கேளுங்க" என்பாள் டோரீன்.

"நாளைக்கு பாக்குறேன்."

"நாளைக்கு அது நம்மளையும் சேத்து அழ வச்சிரும்."

மத்தியாஸ் மெழுகுதிரியை உருக்கி ஊற்றிப் பார்த்தார். சவர்க்காரத்தை அடைத்துப் பார்த்தார். சைக்கிள் டியூபை வெட்டி வைத்துப் பார்த்தார். எல்லாம் ஒரு வேளைக்கு. கடைசியில் தரையில் ஒரு சாக்கை விரித்துவிட்டு, அந்தச் சாக்குதான் வைத்தியம் என்று இருந்துவிட்டார்.

இந்த நேரத்தில்தான் டிலுக்ஷி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். ஜூட்சனுக்குக் கொழும்பில் கடை வேலை. அவனுடைய தாய், மருமகளை அனுப்ப அரைமனசாகத்தான் இருந்தார். மத்தியாஸ்தான் நேரில் போய், "மொதப் பிள்ள எங்க வீட்டுலதாங்க, அதான் முறை" என்று பேசி, ஜூட்சனுக்கும் அங்கிருந்தே போன் போட்டு, "மாப்ள, எம்புள்ளைய கண்ணுக்குள்ள வச்சிப் பாத்துக்கிறேன். நீங்க எதுக்கும் பயப்படாதீங்க" என்று வாக்குக் கொடுத்துக் கூட்டிவந்தார்.

வந்த மறுநாளே டிலுக்ஷி அந்தச் சாக்கில் கால் வைத்தாள். சாக்கு பாசியின் மேல் ஓடியது. நிறைமாத வயிற்றோடு அவள் ஒரு பக்கம் சாய்ந்து, கதவின் கொண்டியைப் பிடித்துத் தொங்கியபடி, "அம்மா!" என்று போட்ட சத்தத்தில், வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மத்தியாஸ் வெறும் காலோடு ஓடினார். விழவில்லை. விழவில்லை என்பதுதான் விஷயம். ஆனால் மத்தியாசின் முகம் சாம்பல் பூத்துவிட்டது.

டோரீன் திட்டியிருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் அவரை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான்.

அன்றைக்கே ஹட்டனுக்குப் போய்ப் புது வாசரும் சிமெந்தும் வாங்கிவந்து, அந்த அறைக்குள் குப்புறப் படுத்தார். இரண்டு கால்களும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பாசியைச் சுரண்டினார். பழைய வாசரைப் பிடுங்கிப் புதியதைப் போட்டார். அடியைச் சுற்றிச் சிமெந்து பூசினார். எழும்பியபோது மூக்கிலும் சிமெந்து. தொட்டி நிரம்பியது. மிதவை மேலே எழும்பி வாயை அடைத்தது. தண்ணி நின்றது. இத்தனை மாதம் ஓயாமல் ஓடிய தண்ணி ஒரு சொட்டுச் சத்தம் இல்லாமல் நின்றதைப் பார்த்து மத்தியாசுக்கே ஆச்சரியம் தாங்கவில்லை.

அடுத்த நாள் காலையில், டோரீன் கொழுந்து பறிக்கப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய்விட்டாள். சிமெந்து இறுகிவிட்டது. மத்தியாஸ் வேலைக்குக் கிளம்புமுன் மகளைக் கூப்பிட்டார்.

"வா, இங்க நின்னு கேளு."

"என்னத்தப்பா கேக்குறது?"

"சத்தம் கேக்குதா?"

டிலுக்ஷி காது கொடுத்தாள். "கேக்குதே."

"அது குசினியில பைப்பு ஓடுற சத்தம் புள்ள. இரு." மத்தியாஸ் குசினிக்குப் போய்ப் பைப்பைத் திருகி மூடிவிட்டு வந்தார். "இப்ப?"

"இப்ப ஒண்ணுமில்லப்பா."

"அதான்!" என்றார் மத்தியாஸ். ஏதோ கப்பலை நிறுத்தியவர் மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நிமிர்ந்த நெஞ்சோடே ஃபெக்டரிக்குப் போய்விட்டார்.

இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும். இந்த லயத்துக்குத் தண்ணி கவர்மெண்டு குழாயில் வருவதில்லை. மலை உச்சியில் இருக்கிற ஊற்றிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கறுப்புப் பைப்பு, தேயிலைக்கு ஊடாக இறங்கி வரும். நீளம் போதாத இடங்களில் இரண்டு துண்டைச் செருகி, டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். மேலேயிருந்து தண்ணி தள்ளிக்கொண்டு வருவதால், கீழே அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மூடினால், வழியில்லாத தண்ணி முட்டி, ஏதாவது ஒரு கட்டைக் கழற்றிவிடும். அதனால் இங்கே எந்த வீட்டிலும் பைப்பை மூடுவதில்லை. வாளி நிறைந்து வழிந்தாலும் வழியட்டும், கானுக்குப் போகட்டும். தவழுகிற பிள்ளை பைப்பில் கை வைத்தாலே தாய்மார் "மூடாத!" என்று கத்துவார்கள். டவுனிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள்தான் தண்ணி வீணாகுதே என்று பதறி மூடிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

மத்தியாஸ் டவுன்காரர் இல்லை. அந்த லயத்தில் பாதி வீட்டுக்குப் பைப்பு இழுத்துக் கொடுத்ததே அவர்தான். ஆனால் இத்தனை மாதம் கொமட் ஒழுகிக்கொண்டிருந்ததால், அவர் வீட்டில் மட்டும் குசினிப் பைப்பை மூடினாலும் ஒன்றும் ஆகவில்லை. தண்ணிக்கு அந்தப் பக்கம் வழி இருந்தது. மூடி மூடிப் பழகிய கை அன்றும் மூடியது. ஒழுகலை நிறுத்தியாகிவிட்டது என்பது அவர் தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

அன்று முழுக்க மழை.

பின்நேரம் அவர் நனைந்து வீட்டுக்கு வந்தபோது கக்கூஸ் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து டிலுக்ஷி போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். காலில் சேற்றோடு குசினிக்குப் போய்ப் பைப்பைத் திருகினார். காலையில் தானே மூடியதைத்தான் இப்போது திறக்கிறோம் என்பதுகூட மண்டையில் ஏறவில்லை. காற்று ஒரு தடவை இருமியது. தண்ணி இல்லை.

மத்தியாசுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. போன கோடையில் நல்லமுத்து இவருடைய பைப்பை இடையில் வெட்டித் தன் மரக்கறித் தோட்டத்துக்குத் திருப்பியிருந்தார். லயமே கூடிப் பஞ்சாயத்தான கதை அது. இதுவும் அவர் வேலைதான்.

வாசலுக்கு வந்தார். நல்லமுத்து மழையில் ஊறி, முழங்கால்வரை சேறோடு, மூச்சு வாங்க மேட்டுப் பாதையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கையில் கத்தி வேறு. போதாதா?

"திருட்டுப் பயலே!" என்று பாய்ந்து மத்தியாஸ் அவருடைய சட்டையைப் பிடித்தார். "மறுபடியும் எம் பைப்புல கைய வச்சிட்டியா? வயித்துப் புள்ளக்காரி இருக்கிற வீடுய்யா இது!"

"விடுய்யா கொமட்டு!" என்று நல்லமுத்து திமிறினார். "ஒன் பைப்பு மேல கழண்டு கெடக்குடா! ஒன் வீட்டுக்கு நேர் மேல! நான் வெறகு வெட்டப் போன எடத்துல பாத்தேன். ஒத்த ஆளா இழுத்துப் பாத்தேன், மாட்ட முடியல. அதச் சொல்லத்தான் விழுந்தடிச்சு ஓடியாறேன், நீ சட்டையப் பிடிக்கிற!"

"கழண்டா தண்ணி கான்ல போவும். அதுக்கு எதுக்கு..."

"கான்ல எங்கய்யா போவுது? மேட்டுல வெடிச்சிருக்கு, கை போற அளவுக்கு. அந்த வெடிப்புக்குள்ள எறங்குது. காலையிலேருந்து குடிச்சிக்கிட்டிருக்கு போல. எறங்குற தண்ணி எங்கயும் வெளிய வரலய்யா. எல்லாம் உள்ளயே நிக்குது." நல்லமுத்து அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ எதையாச்சும் மூடுனியா?"

மத்தியாசின் கை சட்டையிலிருந்து தானாகக் கழன்றது.

காதுக்குள் மகளுடைய போன் பாட்டு மட்டும் சன்னமாகக் கேட்டது. அவள் இருக்கிற அந்த அறையின் பின்சுவர்தான் மேடு. மேட்டை வெட்டியதும் அவர்தான்.

ஓடினார்.

"டிலு! வெளிய வா!"

"அப்பா? நான் உள்ள இருக்கேன்!"

"தெரியும், வா வெளிய! இப்பவே வா!"

"என்னப்பா நீங்க, கொஞ்சம் இருங்களேன்! மானத்த வாங்காதீங்க!"

மத்தியாஸ் பின்னுக்குப் போய்த் தோளால் கதவில் மோதினார். அவரே அடித்த கொண்டி, நன்றாகத்தான் அடித்திருந்தார். அசையவில்லை. டிலுக்ஷி உள்ளே கத்தினாள். இரண்டாவது மோதலில் பலகை பிளந்தது. அடுத்ததில் கதவோடு அவரும் உள்ளே விழுந்தார். டிலுக்ஷி உடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். தகப்பனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தாளாம், பின்னாளில் சொன்னாள். பின்சுவரில் கீழிருந்து மேலாக ஒரு கோடு. அந்தக் கோட்டிலிருந்து சிவப்பாகத் தண்ணி வழிந்தது. மத்தியாஸ் அதைப் பார்த்தார். மகளை அக்குளோடு சேர்த்துத் தூக்கினார். நிறைமாதக்காரியைத் தூக்கிக்கொண்டு குசினி தாண்டி, காம்பரா தாண்டி, வாசலுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. வாசலில் நல்லமுத்து இருவரையும் பிடித்து இழுத்தார்.

இடி மாதிரி சத்தம் வரும் என்று நினைப்பார்கள். அப்படி வரவில்லை. பெரிய மாடு ஒன்று பெருமூச்சு விட்டுப் படுக்கிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது குசினிக்குப் பின்னால் அறை இல்லை. தேயிலைச் செடி ஒன்று நிமிர்ந்தபடியே, வேரோடு, குசினிக்குள் நின்றது. அதன் இலையிலிருந்து மழைத்தண்ணி அடுப்புக் கல்லில் சொட்டியது.

லயத்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, பார்த்து, அப்படியே நின்றார்கள். டிலுக்ஷிதான் முதலில் வாய் திறந்தாள். சேற்றில் உட்கார்ந்து, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல் கிட்டித்தபடி, "எம் போனு உள்ள இருக்குப்பா" என்றாள். அப்புறம் வயிறு வலிக்கிறது என்றாள்.

டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு த்ரீவீலரில் போனார்கள். கொழுந்து மலையிலிருந்து செய்தி கேட்டு ஓடிவந்த டோரீன், தலையில் கட்டிய பொலித்தீனைக்கூடக் கழற்றாமல், மகளை மடியில் சாய்த்து, பாதி ஜெபமும் பாதி திட்டுமாக முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். நல்லமுத்து டிரைவருக்குப் பக்கத்தில் தொற்றிக்கொண்டு, "பள்ளம்டா, பாத்து... டேய், பள்ளம்டா..." என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

பிள்ளைப்பேற்று வார்டுக்குள் ஆம்பளைகளை விடவில்லை. ஒரு நர்ஸ் மிஸ்ஸி, தலையிலிருந்து கால்வரை மண்ணாக நிற்கிற மத்தியாசைப் பார்த்து, "மொகத உனே?" என்று சிங்களத்தில் கேட்டார். என்ன நடந்தது என்றுதான் கேட்டார். ஹோட்டலில் வருசக்கணக்கில் சிங்களம் பேசிய மத்தியாசுக்கு அதற்கு ஒரு சொல் வரவில்லை. சிங்களத்திலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. நல்லமுத்துதான் கையால் மலையைக் காட்டி, கையாலேயே அதை விழுத்தியும் காட்டினார்.

வெகுநேரம் கழித்து டோரீன் வெளியே வந்தாள்.

"புள்ளைக்கு ஒண்ணுமில்ல. வயித்துல உள்ளதுக்கும் ஒண்ணுமில்ல. நெஞ்சு நல்லா அடிக்குதுன்னு சொன்னாங்க. பயத்துல வந்த வலியாம். ரெண்டு நாளு வச்சிப் பாக்கணுமாம்."

மத்தியாஸ் தலையாட்டினார். ஆட்டத் தொடங்கிய தலை நிற்கவில்லை.

அப்போது டோரீனின் போன் அடித்தது. ஜூட்சன். லயத்திலிருந்து யாரோ அதற்குள் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். டோரீன் ஒரு பக்கமாகத் திரும்பி நின்று பேசினாள். "ஒண்ணுமில்ல தம்பி, நல்லாருக்கா... ஆமா, மழ... மழைக்கு மேடு சரிஞ்சி வந்திருச்சி... மழைக்கு நம்ம என்ன தம்பி செய்யிறது..."

அவள் அவருக்காகத்தான் அப்படிச் சொன்னாள். பைப்பை மூடியது யார் என்று அவளுக்குத் தெரியும். நல்லமுத்து த்ரீவீலரிலேயே போட்டு உடைத்துவிட்டார். அப்படித் தெரிந்தும் மழையின் தலையில் போட்டாள். மழை பதில் சொல்லாதே.

மத்தியாஸ் கையை நீட்டினார். "குடு."

"நாம் பேசிட்டேங்க. விடுங்க."

"குடு புள்ள."

போனைக் காதில் வைத்தார்.

"மாப்ள, மழ இல்ல."

"என்ன மாமா?"

"கக்கூசு ஒழுகுனத அடச்சேன். குசினிப் பைப்பயும் மூடிட்டேன். மேல பைப்பு கழண்டு தண்ணி மேட்டுக்குள்ள போயிருச்சி. புள்ள உள்ள இருந்திச்சி. நாந்தான் மாப்ள."

ஜூட்சன், "நம்ம பக்கத்துல பைப்ப மூடக்கூடாதுன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியுமே மாமா" என்றான். "உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான். ஒனக்கு வாக்குக் குடுத்தனேப்பா. புள்ள வழுக்கி விழுந்துரக் கூடாதேன்னுதான் ஒழுகல அடச்சேன். பைப்ப கை பழக்கத்துல மூடிருச்சி..."

அந்தப் பக்கம் கொழும்பு ரோட்டின் ஹோர்ன் சத்தம். ஒரு பஸ் நின்று கிளம்புகிற சத்தம். அவன் போனை வைத்துவிட்டான் என்றே மத்தியாஸ் நினைத்தார். வைத்திருந்தாலும் அவர் கோபப்பட்டிருக்க மாட்டார்.

"மாமா."

"சொல்லு மாப்ள."

"நீங்க நிக்கிறீங்களா, உக்காந்திருக்கீங்களா?"

மத்தியாசுக்குக் கேள்வி விளங்கவில்லை. "நிக்கிறேன்."

"மொதல்ல எங்கயாச்சும் உக்காருங்க. நான் பஸ் ஏறிட்டேன். வந்து பேசுவோம். பேச வேண்டியது நெறைய இருக்கு. ஆனா இப்ப உக்காருங்க மாமா. அடி கிடி பட்டிருக்கான்னு பாருங்க."

அப்போதுதான் மத்தியாஸ் தன் தோளைப் பார்த்தார். கதவில் மோதிய பக்கம் சட்டை கிழிந்து, கறுப்பாக ரத்தம் உறைந்திருந்தது. அதுவரை ஒரு வலியும் தெரியவில்லை. பார்த்ததும் வலித்தது. சுவரில் சாய்ந்து, அப்படியே சறுக்கி, ஆஸ்பத்திரி வாசலின் ஈரச் சிமெந்தில் உட்கார்ந்தார். டோரீன் தலையிலிருந்த பொலித்தீனைக் கழற்றி அவருக்குக் கீழே விரிக்கப் பார்த்தாள். அதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டதால், அதை அவருடைய தோளில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே அவளும் உட்கார்ந்தாள்.